களிமண்ணை இனங்கண்ட வரலாறு: 1712 முதல் 1937 வரை



அறிவியல் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு கருவி என்று மூன்றையும் எழுதி முடித்துவிடும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. "களிமண்ணில் உள்ள கனிமங்களை எப்படி இனங்கண்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எக்ஸ்ரே கண்டுபிடிச்சாங்க, அதனால தெரிஞ்சது" என்பார்கள். தவறில்லை, ஆனால் அது பாதி விடைதான். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். களிமண்ணின் மீது அது முதலில் பாய்ச்சப்பட்டது 1923-இல். இடையில் 28 ஆண்டுகள் ஏன் போயின? அதற்கும் முன்னால் குயவர்களும் விவசாயிகளும் வேதியியலாளர்களும் களிமண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாமலா இருந்தார்கள்?

எக்ஸ்ரே விடையைத் தந்தது என்பது உண்மை. ஆனால் சரியான கேள்விகளை அதற்கு முன்பே வேறு சிலர் கேட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கேள்விகள் இல்லையென்றால், எக்ஸ்ரே படத்தில் விழுந்த கோடுகளுக்கு அர்த்தமே இருந்திருக்காது. இதைச் சான்றுகளோடு பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம்

"களிமண்" என்ற சொல்லுக்கு அறிவியலில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று அளவைக் குறிப்பது. 2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய மண்துகள் எல்லாமே களிமண்தான். நம் தலைமுடியின் குறுக்களவு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் என்றால், இந்தத் துகள் எவ்வளவு பொடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கனிமத்தைக் குறிப்பது. கயோலினைட், இல்லைட், மொன்மொரில்லோனைட், குளோரைட் என்று தனித்தனிப் பெயரும் தனித்தனி அமைப்பும் கொண்ட கனிமங்கள் களிமண் கனிமங்கள் எனப்படுகின்றன.

இந்த இரண்டு பொருளும் ஒன்றல்ல. ஆற்று மணலை எவ்வளவு நுணுக்கி அரைத்தாலும் அது குயவர் கையில் வளையாது. அப்படின்னா, களிமண்ணைக் களிமண் ஆக்குவது அதன் நுண்மை மட்டும் இல்லை. வேறு என்ன? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்க 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

குயவர்கள் அறிந்திருந்தது

சீனாவின் ஜிங்டெஜென் நகரம் பீங்கானுக்குப் பெயர் போனது. அங்கிருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் தாந்த்ரகோல், 1712-இலும் 1722-இலும் பீங்கான் செய்யும் முறையை விவரித்து ஐரோப்பாவுக்குக் கடிதங்கள் அனுப்பினார். பீங்கானுக்கு இரண்டு பொருள் தேவை என்று அவற்றில் எழுதினார். ஒன்று, வெள்ளைப் பாறையை இடித்துத் தூளாக்கிச் செங்கல் போல அச்சு வார்த்த கட்டி. மற்றொன்று, 'கௌலிங்' என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்பட்ட வெள்ளைக் களிமண். 'உயர்ந்த முகடு' என்று பொருள்படும் அந்தப் பெயர்தான் பிறகு 'கயோலின்' ஆனது.

ஒரு வேடிக்கையான செய்தியையும் அவர் பதிவு செய்தார். ஐரோப்பியர் சிலர் பாறைத்தூள் கட்டிகளை மட்டும் வாங்கிப்போய், கயோலின் இல்லாமல் பீங்கான் செய்யப் பார்த்துத் தோற்றார்களாம். அதைக் கேட்ட சீன வணிகர் சிரித்துவிட்டு, எலும்பே இல்லாமல் சதையை மட்டும் வைத்து உடம்பு செய்யப் பார்த்தார்கள் என்ற பொருளில் பேசினாராம். சூளையின் கடும் சூட்டில் பாறைத்தூள் உருகிக் கண்ணாடி போலாகும். கயோலின் உருகாமல் நின்று பாத்திரத்தின் வடிவத்தைக் காக்கும். எலும்பு, சதை என்ற உவமை மிகச் சரியானது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்தக் கடிதம் வந்த பிறகுதான் ஐரோப்பா பீங்கான் செய்யக் கற்றது என்று எழுதினால் அது கால வரிசைப் பிழை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1710-இலேயே மைசென் பீங்கான் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. அதற்கு முன் சீர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும், தங்கம் செய்து தருவான் என்று மன்னர் காவலில் வைத்திருந்த பொட்கர் என்ற இளைஞரும், உள்ளூர்க் களிமண்ணை வைத்துப் பல சோதனைகள் செய்து வெற்றி கண்டிருந்தார்கள். தங்கம் வரவில்லை, பீங்கான் வந்தது. இங்கிலாந்தில் குக்வர்த்தி என்ற மருந்தாளர் கார்ன்வால் பகுதியில் கயோலினைக் கண்டறிந்து, 1768-இல் காப்புரிமை பெற்றார்.

ஆக, 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு களிமண்ணும் இன்னொரு களிமண்ணும் ஒன்றல்ல என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் ஒன்றல்ல என்பதுதான் தெரியவில்லை.

வேதியியல் எதுவரை உதவியது?

19-ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் களத்தில் இறங்கினார்கள். களிமண்ணை அமிலத்தில் கரைத்து, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று எடைபோட்டார்கள். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்ற நான்கும் திரும்பத் திரும்ப வந்தன. சிலவற்றில் மக்னீசியம், இரும்பு, பொட்டாசியம் ஆகியவையும் இருந்தன. பெயர்களும் பெருகின. 1826-இல் பெர்த்தியே 'ஹாலோய்சைட்' என்று பெயரிட்டார். 1847-இல் பிரான்சின் மொன்மொரில்லோன் என்ற ஊரின் பெயரால் 'மொன்மொரில்லோனைட்' வந்தது. 1867-இல் ஜான்சன், பிளேக் ஆகிய இருவரும் கயோலினின் முக்கியக் கனிமத்துக்குக் 'கயோலினைட்' என்ற பெயரைத் தந்தார்கள்.

ஆனால் வேதியியல் பகுப்பாய்வு ஒரு சுவரில் போய் முட்டியது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், ஒரே தனிமங்கள் ஒரே விகிதத்தில் இருந்தும் வேறு வேறு கனிமங்கள் இருக்க முடியும். இட்லிக்கும் தோசைக்கும் மாவு ஒன்றுதான். மாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் சோதித்தால், தட்டில் இருப்பது இட்லியா தோசையா என்று சொல்ல முடியுமா? கயோலினைட்டும் உலர்ந்த ஹாலோய்சைட்டும் அப்படித்தான்.

இரண்டாவது காரணம், இயற்கையில் கிடைக்கும் களிமண் பெரும்பாலும் கலவை. இரண்டு மூன்று கனிமங்கள் கலந்த ஒரு பிடி மண்ணைப் பகுத்தால் வருவது சராசரிதான். அந்தச் சராசரியை ஒரு புதிய கனிமம் என்று நினைத்துப் பெயர் சூட்டுவதும் நடந்தது.

மூன்றாவது காரணம், ஒளி நுண்ணோக்கி உதவவில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். களிமண் துகள்கள் பல அதே அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கின்றன. பார்த்தால் மங்கலான புள்ளிகள்தான் தெரியும்.

இதனால், மண்ணின் மிக நுண்ணிய பகுதி படிகமே அல்ல, ஒழுங்கான அமைப்பு ஏதும் இல்லாத கூழ் போன்ற பொருள் என்ற கருத்து வலுப்பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண் அறிஞர்கள் பலர் இதையே ஏற்றிருந்தார்கள். இது அறியாமையால் வந்த கருத்து என்று தள்ளிவிடக் கூடாது. அன்று கையில் இருந்த சான்றுகளுக்கு இது பொருந்தி வந்தது. வரலாற்று மாணவர் இதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

பொருந்தாத மூன்று தடயங்கள்

"எல்லாம் கூழ்தான்" என்ற கருத்துக்குள் அடங்காத மூன்று தடயங்கள் எக்ஸ்ரேக்கு முன்பே கிடைத்திருந்தன.

முதல் தடயம் வயலிலிருந்து வந்தது. மண்ணில் ஊற்றிய எருநீரிலுள்ள அம்மோனியாவை மண் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதை யார்க்ஷயர் நிலக்கிழார் தாம்சன் கவனித்தார். 1850-இல் வேதியியலாளர் தாமஸ் வே அதை விரிவாக ஆராய்ந்தார். மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டால், பதிலுக்குக் கால்சியத்தை வெளியே விடுகிறது. வாங்குவதும் கொடுப்பதும் சம அளவில் நடக்கின்றன. இதைத்தான் இன்று அயனிப் பரிமாற்றம் என்கிறோம். இந்தச் சக்தி மண்ணின் களிமண் பகுதியில் இருக்கிறது என்றும் வே கண்டார். வெறும் கூழுக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா?

இரண்டாவது தடயம் நெருப்பிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் லே ஷாட்டெலியே 1887-இல் களிமண்ணுக்குள் வெப்பநிலை அளக்கும் கம்பியைச் செருகி, சீராகச் சூடேற்றினார். சூடு ஏறும் வேகம் சில வெப்பநிலைகளில் தடுமாறியது. கயோலினைட் வகை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சி நீரை வெளியேற்றுகிறது. 900-ஐத் தாண்டி 1000-ஐ நெருங்கும்போது திடீரென வெப்பத்தை வெளிவிடுகிறது. வேறு களிமண் வகைகள் வேறு வெப்பநிலைகளில் தடுமாறின. இதை வைத்தே அவர் களிமண்ணை வகைப்படுத்தினார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு 'வெப்பக் கைரேகை' இருந்தது. இன்றும் பயன்படும் வெப்பப் பகுப்பாய்வு முறையின் தொடக்கம் இதுதான்.

மூன்றாவது தடயம் சுவீடனிலிருந்து வந்தது. வேளாண் வேதியியலாளர் அட்டர்பெர்க் 1911-இல், ஈரமண் எந்த நீரளவில் கூழாக ஓடும், எந்த நீரளவில் உருட்டினால் உதிரும் என்று அளக்கும் முறையை வகுத்தார். கட்டுமானப் பொறியாளர்கள் இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். அவர் பல கனிமங்களை மிக நுண்ணிய தூளாக அரைத்தும் சோதித்தார். குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் எவ்வளவு பொடியானாலும் குழையவில்லை. மைக்கா போன்ற தகடு வடிவக் கனிமங்கள் குழைந்தன. நுண்மை மட்டும் போதாது, துகளின் வடிவமும் முக்கியம் என்று இது சொன்னது.

மூன்று தடயமும் ஒரே திசையைக் காட்டின. களிமண்ணுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வழி இல்லை.

எக்ஸ்ரே ஏன் 28 ஆண்டுகள் காத்திருந்தது?

1895-இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது, அது என்ன வகைக் கதிர் என்றே தெளிவாகத் தெரியாது. 1912-இல்தான் லாவே என்பவரின் யோசனைப்படி ஒரு படிகத்தின் வழியே எக்ஸ்ரேயைச் செலுத்தினார்கள். படத்தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அதே ஆண்டு லாரன்ஸ் பிராக் அதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். படிகத்தில் அணுக்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன, கதிர் எந்தக் கோணத்தில் வலுவாகத் திரும்புகிறது என்று தெரிந்தால் அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடலாம் என்பதே அது. தந்தையும் மகனுமான பிராக் இருவரும் 1915-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இருந்தும் களிமண்ணுக்கு இது போதவில்லை. லாவேயின் முறைக்குக் கையில் பிடிக்கக்கூடிய நல்ல படிகம் ஒன்று வேண்டும். களிமண்ணில் அதற்கு எங்கே போவது? 1916-இல் டெபாய், ஷெரர் இருவரும், 1917-இல் அமெரிக்காவில் ஹல் தனியாகவும், தூளை வைத்தே படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தூளில் எண்ணற்ற துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், எப்படியும் சில துகள்கள் சரியான கோணத்தில் இருக்கும். படத்தில் புள்ளிகளுக்குப் பதில் கோடுகள் விழும். அதற்குப் பிறகே களிமண்ணின் முறை வந்தது. 1923-இல் சுவீடனின் ஹாடிங்கும், 1924-இல் ஜெர்மனியின் ரின்னேயும் களிமண்ணைத் தூள் முறையில் படமெடுத்தார்கள். கோடுகள் விழுந்தன. அமைப்பே இல்லாத கூழாக இருந்தால் இப்படிக் கூர்மையான கோடுகள் விழாது.

திருப்புமுனை 1930-இல் வந்தது. அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஹென்ட்ரிக்சும் ஃபிரையும் பல மண்களிலிருந்து மிக நுண்ணிய பகுதியைப் பிரித்தெடுத்துப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் கெல்லி, டோர், பிரவுன் ஆகியோரும் இதையே செய்தார்கள். முடிவு ஒன்றுதான். கூழ் என்று கருதப்பட்ட பகுதியும் பெரும்பாலும் படிகமே. அதுவும் நூற்றுக்கணக்கான வகைகள் இல்லை. சில கனிமக் குடும்பங்களே திரும்பத் திரும்ப வந்தன.

இந்த ஹென்ட்ரிக்ஸ் இளமையில் லைனஸ் பாலிங்கின் மாணவர். பின்னாளில் செடிகள் ஒளியை உணரும் நிறமியைக் கண்டறிந்த குழுவிலும் இருந்தவர். ஒரே மனிதர் மண்ணையும் படித்தார், செடியையும் படித்தார்.

உள்ளே இருந்த அமைப்பு

படிகம்தான் என்று தெரிந்துவிட்டது. சரி, அந்தப் படிகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? 1930-இல் பாலிங் மைக்கா போன்ற அடுக்குக் கனிமங்களின் அமைப்பை விளக்கினார். 1932-இல் குரூனர் கயோலினைட்டின் அமைப்பை முன்வைத்தார். 1933-இல் ஹாஃப்மன், என்டெல், வில்ம் மூவரும் மொன்மொரில்லோனைட்டின் அமைப்பை வெளியிட்டார்கள். 1937-இல் கிரிம், பிரே, பிராட்லி மூவரும் மைக்காவை ஒத்த களிமண் கனிமத்துக்கு இல்லினாய் மாநிலத்தின் பெயரால் 'இல்லைட்' என்று பெயரிட்டார்கள்.

இதை வகுப்பில் விளக்கக் காயா ரொட்டி போதும். இரண்டு வகைத் தகடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடு ரொட்டித் துண்டு. அலுமினியமும் ஆக்சிஜனும் ஹைட்ராக்சிலும் சேர்ந்த தகடு காயா. ஒரு துண்டு ரொட்டியில் காயா தடவி, மேலே மூடாமல் விட்டால் அது கயோலினைட்டின் ஓர் அடுக்கு. இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில் காயா வைத்தால் அது மொன்மொரில்லோனைட், இல்லைட் ஆகியவற்றின் அடுக்கு. இப்படிப்பட்ட அடுக்குகள் குவே லாப்பிஸ் போல ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்ததே ஒரு களிமண் துகள்.

இந்த அமைப்பு தெரிந்ததும் பழைய புதிர்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

அட்டர்பெர்க்கின் புதிர்: துகள்கள் தட்டையான தகடுகள். நடுவில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் விட்டுப் பிரியாது. அதனால்தான் வனைந்த பானை வடிவம் கலையாமல் நிற்கிறது.

வேயின் புதிர்: மொன்மொரில்லோனைட்டின் 'காயா'வில் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்னூட்டம், மக்னீசியத்துக்கு இரண்டு. ஒன்று குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டச் சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் அடுக்குகளுக்கு நடுவே வந்து நிற்கின்றன. அவை இறுகப் பிணைக்கப்படாததால் இடம் மாறுகின்றன. கயோலினைட்டில் இந்தக் குறை மிகக் குறைவு. அயனிப் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்குக் கயோலினைட்டில் 3 முதல் 15 மில்லிச்சமானம், மொன்மொரில்லோனைட்டில் 80 முதல் 150. இத்தனை வேறுபாட்டுக்கும் காரணம் அமைப்புதான்.

லே ஷாட்டெலியேயின் புதிர்: 500 டிகிரிக்கு மேல் வெளியேறியது களிமண்ணில் ஒட்டியிருந்த ஈரம் அல்ல. படிகத்துக்குள் கட்டப்பட்டிருந்த ஹைட்ராக்சில் பிரிந்து நீராக வந்தது. அத்தோடு அந்தப் படிகம் குலைந்தது. சுட்ட பானை மறுபடி களிமண் ஆகாததற்குக் காரணமும் இதுதான்.

இன்னொன்றும் புரிந்தது. கயோலினைட்டின் அடுக்குகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடிக்கின்றன. நீர் உள்ளே நுழையாது. இல்லைட்டின் அடுக்குகளைப் பொட்டாசியம் பூட்டிவைத்திருக்கிறது. மொன்மொரில்லோனைட்டில் அப்படிப் பூட்டு இல்லை. நீர் உள்ளே போகும், அடுக்குகள் விலகும், களிமண் உப்பும். அதன் ஒரு கிராமில் உள்ள மொத்தப் பரப்பு 700 முதல் 800 சதுர மீட்டர் வரை. ஏறத்தாழ ஒன்பது பூப்பந்து ஆடுகளங்கள்! கயோலினைட்டின் ஒரு கிராமில் 10 முதல் 20 சதுர மீட்டர்தான்.

இன்று எப்படி இனங்காண்கிறார்கள்?

ஒரே சோதனையில் முடிவு சொல்வதில்லை. எக்ஸ்ரே படத்தில் அடுக்குகளின் இடைவெளியைப் பார்க்கிறார்கள். கயோலினைட்டுக்கு ஏறத்தாழ 0.7 நானோமீட்டர், இல்லைட்டுக்கு 1.0, குளோரைட்டுக்கு 1.4. மொன்மொரில்லோனைட்டுக்கு ஈரப்பதத்தையும் அதிலுள்ள அயனியையும் பொறுத்துப் பெரும்பாலும் 1.2 முதல் 1.5.

இங்கேதான் சிக்கல். 1.4-இல் ஒரு கோடு வந்தால் அது குளோரைட்டா, மொன்மொரில்லோனைட்டா? எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் மாதிரியை வைத்து மறுபடி படமெடுக்கிறார்கள். மொன்மொரில்லோனைட் 1.7-க்கு விரியும், குளோரைட் அசையாது. 0.7-இல் கோடு வந்தாலும் குழப்பம் உண்டு. குளோரைட்டின் இரண்டாவது கோடும் அங்கேதான் விழும். மாதிரியை 550 டிகிரிக்குச் சூடேற்றினால் கயோலினைட்டின் கோடு மறைந்துவிடும். குளோரைட்டின் 1.4 கோடு அப்போதும் நிற்கும்.

அதாவது, எக்ஸ்ரே கருவிக்குப் பக்கத்திலேயே லே ஷாட்டெலியேயின் நெருப்பும் நிற்கிறது. 1930-களின் இறுதியிலும் 1940-களிலும் மின்னணு நுண்ணோக்கி வந்தபோது, கயோலினைட்டின் அறுகோணத் தகடுகளையும் ஹாலோய்சைட்டின் குழாய் வடிவங்களையும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. வேதியியலால் பிரிக்க முடியாத அந்த இட்லியும் தோசையும் இப்போது படத்தில் வேறு வேறாகத் தெரிந்தன.

தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

"சார், இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1978 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் ரிஸ்ஸா பகுதியில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு பண்ணையில் கட்டடத்தை விரிவாக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். ஏறத்தாழ 700 கன மீட்டர் மண். கரை சரிந்தது. சரிவு பின்னோக்கிப் பரவி, 50 லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட நிலம் திரவம் போல ஏரிக்குள் ஓடியது. வீடுகள் மிதந்து போயின. ஒருவர் உயிரிழந்தார்.

அந்த மண் உப்பும் வகையைச் சேர்ந்தது அல்ல. அங்குள்ளவை பெரும்பாலும் இல்லைட்டும் குளோரைட்டும். பனியுகத்தின் முடிவில் உப்பான கடல்நீரில் படிந்தபோது, அந்தத் தகடுகள் சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பிறகு நிலம் உயர்ந்தது. மழைநீரும் நிலத்தடி நீரும் உப்பை மெல்ல மெல்லக் கழுவிவிட்டன. தகடுகளைப் பிடித்துவைத்த விசை குறைந்தது. ஓர் அசைவு போதும், சீட்டுக்கட்டு வீடு சரியும். இந்த விளக்கத்தை 1940-களிலும் 1950-களிலும் வளர்த்தவர் நார்வேயின் ரோசன்க்விஸ்ட். கனிமத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, தகடுகள் நிற்கும் நிலையையும் அவற்றுக்கு நடுவே உள்ள நீரையும் அறிய வேண்டும் என்று ரிஸ்ஸா காட்டுகிறது.

நமக்குப் பக்கத்திலும் சான்றுகள் உண்டு. சிங்கப்பூரில் காலாங் படிவம் எனப்படும் நிலத்தொகுதியில் மென்மையான கடல் களிமண் இருக்கிறது. அதில் கயோலினைட்டோடு மொன்மொரில்லோனைட் வகையும் இல்லைட்டும் கலந்திருக்கின்றன. சுரங்க ரயில் பாதை தோண்டும் பொறியாளர்கள் அதன் குணத்தைக் கணக்கில் எடுக்காமல் ஓர் அடி வைக்க முடியாது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலைப் பகுதியில் தோண்டிய குழி சரிந்து நால்வர் உயிரிழந்தனர். விசாரணைக் குழு முக்கியமாகச் சுட்டியது வடிவமைப்புப் பிழைகளை. மென்களிமண்ணில் வேலை செய்யும்போது அது தாங்கக்கூடிய வலிமையைக் கூடுதலாக மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

நல்ல பக்கமும் உண்டு. பேராக்கின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் கயோலின் எடுக்கப்படுகிறது. கருங்கல் பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார், நம் வெப்பமும் மழையும் சேர்ந்து சிதைந்து கயோலினைட் ஆகிறது. கோலகங்சாரின் லாபு சாயோங் நீர்க்கூஜாவை வனையும் கைவினைஞருக்கு எக்ஸ்ரே தேவையில்லை. அவர் விரல் நுனியில் மண்ணின் பதம் தெரியும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதும்போது "எக்ஸ்ரே கண்டுபிடிப்பே காரணம்" என்று தொடங்காதீர்கள். காரணங்களைப் பிரித்துக் காட்டுங்கள். தொழிலிலும் வயலிலும் எழுந்த கேள்விகள் நீண்டகாலக் காரணம். வேதியியலின் வெற்றியும் அதன் எல்லையும் இடைக்காலக் காரணம். 1916-இன் தூள் முறை உடனடிக் காரணம். பிறகு, எது மிக முக்கியம் என்று உங்கள் தீர்ப்பைச் சொல்லி, சான்று காட்டுங்கள்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. தாந்த்ரகோலின் கடிதம் இல்லாமலேயே மைசென் பீங்கான் உருவானது. இது அறிவு பரவுவதைப் பற்றி என்ன சொல்கிறது?

2. "களிமண் ஒரு கூழ்" என்ற கருத்து அந்தக் காலத்தில் நியாயமானதா? ஆதரவாக இரண்டு சான்றுகளும் எதிராக இரண்டு சான்றுகளும் தருக.

3. எக்ஸ்ரே 1895-இல் கண்டுபிடிக்கப்பட்டும், 1923 வரை களிமண் ஆய்வுக்குப் பயன்படாததன் காரணங்களை விளக்குக.

4. வகுப்புச் செயல்பாடு: பென்டோனைட் என்று உறையில் குறிப்பிட்ட பூனை மணலையும் கயோலின் தூளையும் சம அளவில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் போட்டு, நீர் ஊற்றி ஒரு நாள் விடுக. பென்டோனைட்டின் முக்கியக் கனிமம் மொன்மொரில்லோனைட் என்பதை நினைவில் கொண்டு, எது உப்பியது, ஏன் என்பதைக் காயா ரொட்டி உவமையைக் கொண்டு விளக்குக.